சைனிக் பள்ளியில் 6-ஆம் வகுப்பு: கணக்கும் ஆங்கிலமும் அரையாண்டில் சரிந்துவிட்டன, விடுமுறையில் என்ன செய்யலாம்?

குறிஞ்சிப்பாடி_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். பையன் ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் ஊரில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்தான். சைனிக் பள்ளி (பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் விடுதிப் பள்ளி) நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதி இடம் வாங்கினான். இப்போது 6-ஆம் வகுப்பு, விடுதியில் இருக்கிறான். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், சி.பி.எஸ்.இ. அரையாண்டில் கணக்கு 31, ஆங்கிலம் 28, இந்தி அதற்கும் கீழே. தமிழில் மட்டும் 80-ஐத் தாண்டியிருக்கிறான்.

“பிரெப் நேரத்தில் (விடுதியில் உட்கார்ந்து படிக்கும் நேரம்) உட்கார்ந்தபடியே தூங்குகிறான், காலை பி.டி.யிலும் (உடற்பயிற்சி) கடைசியாகத்தான் வருகிறான்” என்று ஹவுஸ் மாஸ்டர் (விடுதிப் பொறுப்பு ஆசிரியர்) போனில் சொன்னார். மூன்று வாரம் விடுமுறைக்கு வருகிறான். கடலூரில் டியூஷன் போடுவதா, ஆன்லைன் வகுப்பா, இல்லை பேசாமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதா என்று வீட்டில் ஒரே குழப்பம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

---

மஞ்சக்குப்பம்_கணக்கு

ஐயா, டியூஷனுக்குப் பணம் கட்டும் முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். தாளுக்கு அரை மணி நேரம் போதும்.

அவன் பாடத்திலிருந்து பத்துக் கணக்கு எடுங்கள். மூன்று பெருக்கல் வகுத்தல், மூன்று பின்னம், நான்கு வாக்கியக் கணக்கு. ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இன்னொரு தாளில் எண்களை மட்டும் மாற்றி அதே பத்தைத் தமிழில் எழுதுங்கள். முதல் நாள் ஆங்கிலத் தாள், மறுநாள் தமிழ்த் தாள். வரிசையை மாற்றாதீர்கள். தமிழில் முதலில் போட்டுவிட்டால் வழிமுறை நினைவில் நிற்கும், ஆங்கிலத்தில் கேள்வி புரியாமலே சரியாகப் போட்டுவிடுவான்.

தமிழில் 8, ஆங்கிலத்தில் 3 வந்தால் அவனுக்குக் கணக்கு வருகிறது, கேள்விதான் புரியவில்லை. இரண்டிலும் 3, 4 என்றால் அடித்தளமே ஆட்டம். இரண்டிலும் 8 வந்தால் வீட்டில் வருவது அங்கே ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். அது தூக்கமோ பயமோ நேரமோ. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் போடும் டியூஷன் வீண். பையனுக்கு இருக்கிற கொஞ்ச ஓய்வும் போகும்.

மொழிதான் சிக்கல் என்றால் பிழைகளைப் பார்த்தாலே தெரியும். ‘x-ஐ விட 5 குறைவு’ என்று தமிழில் கேளுங்கள், x − 5 என்று சரியாக எழுதுவான். அதையே ‘ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்’ என்று கேட்டால், 5 முதலில் வருவதால் 5 − x என்று எழுதுவான். ‘ஹவ் மெனி மோர்’ என்ற கேள்வியில் ‘மோர்’ கண்ணில் பட்டதும் கூட்டிவிடுவான், அங்கே கழிக்க வேண்டும். ஃபாக்டர் எது மல்டிபிள் எது என்று குழம்புவான், காரணி, மடங்கு என்றால் உடனே சொல்லுவான். விடைத்தாளைப் பார்க்கிறவர்களுக்கு இவ்வளவும் ‘கணக்கு வராத பையன்’ என்றுதான் தெரியும். நியாயமில்லை.

இதற்கு இரண்டு பத்தி நோட்டு ஒன்று போடுங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அவன் படித்த தமிழ்ச் சொல், கீழே ஒரு சின்னக் கணக்கு. அகர வரிசை வேண்டாம், பாட வாரியாக எழுதுங்கள். பின்னம் பாடத்தில் நியூமரேட்டர் தொகுதி, டினாமினேட்டர் பகுதி. எண்கள் பாடத்தில் ப்ரைம் பகா எண், காம்போசிட் பகு எண். அளவியலில் பெரிமீட்டர் சுற்றளவு, ஏரியா பரப்பளவு. நாளுக்கு எட்டுச் சொல் போதும். மறுநாள் பழைய எட்டைக் கேட்டுவிட்டுத்தான் புதிய எட்டு. வாரத்தில் ஒருநாள் புதிது எதுவும் கிடையாது, பழையது மட்டும். சொல்லை மனப்பாடம் செய்தால் நிற்காது, கூடவே ஒரு கணக்கைப் போட்டால்தான் நிற்கும்.

அடித்தளம் ஆட்டம் என்றால் 6-ஆம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள். 12 வரை வாய்ப்பாடு, குறுக்கே கேட்டால் மூன்று நொடியில் விடை வர வேண்டும். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கத் தெரிய வேண்டும். சமான பின்னம் தெரிய வேண்டும். இந்த மூன்றில் எது ஓட்டையோ அதற்கு நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆங்கிலம் வாசிப்புக்கு ஓர் அளவு இருக்கிறது. பாடத்தில் நூறு சொல் உள்ள பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தடுக்கும் சொற்களை எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தைத் தனியாகப் படித்து அவனால் புரிந்துகொள்ள முடியாது. ஐந்துக்குள் தடுக்கிற அளவுக்கு எளிய கதைப் புத்தகமாகத் தேடிக் கொடுங்கள். புதுச்சேரி பக்கம் போனால் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் பாருங்கள்.

ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் விளக்குகிற ஆசிரியராகப் பாருங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு அப்படி நடத்துகிறவர்கள் அங்கே நிறையப் பேர். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். அவனுக்குத் தேவை பாடப்புத்தக ஆங்கிலம்.

நேரம்: காலையில் 40 நிமிடம், மாலையில் 20 நிமிடம். அதற்கு மேல் போகாதீர்கள், அவன் விடுமுறைக்கு வந்திருக்கிறான்.

---

லாஸ்பேட்டை_நர்ஸ்

பிரெப்பில் தூங்குகிறான் என்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 5 மணிக்கு எழுப்பி இரவு 10 மணிக்கு விளக்கை அணைக்கிற விடுதியில் ஏழு மணி நேரம்தான் தேறும். மீதியை மதிய ஓய்வில் ஈடுகட்ட வேண்டும். புதுப் பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் துணி துவைப்பதும் விடுபட்ட நோட்டை எழுதுவதும். மதியம் படுக்கிறானா என்று முதலில் கேளுங்கள்.

இரவில் தூங்காமல் இருக்க இன்னொரு காரணம் உண்டு, பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். படுக்கையில் சிறுநீர் போவது. பத்து வயதில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இருக்கும் சாதாரண விஷயம்தான். ஆனால் இருபது முப்பது கட்டில் உள்ள கூடத்தில் அது தெரிந்துவிடுமோ என்று பயந்து விழித்தே கிடப்பான். தண்ணீரே குடிக்காமல் இருப்பான், அதனால் மலச்சிக்கல் வந்து தொந்தரவு இன்னும் கூடும். பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கணும், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைக்கணும், விளக்கணைக்கும் முன் கழிவறை போகணும். மேட்ரனிடம் (விடுதியில் பிள்ளைகளைக் கவனிக்கும் அம்மா) மட்டும் தனியாகச் சொல்லி, விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட் போடச் சொல்லுங்கள். முன்பு இல்லாமல் பள்ளியில் சேர்ந்த பிறகு புதிதாகத் தொடங்கியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், மனதிலும் ஏதோ அழுத்தம் இருக்கலாம்.

விடுமுறையில் இரண்டு பரிசோதனை கட்டாயம். ஒன்று, கண். கரும்பலகை தெரியாத பிள்ளை நோட்டில் தப்பாக எழுதும், ஆனால் தெரியவில்லை என்று சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். கடலூர் சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். இரண்டு, இரத்தத்தில் ஹீமோகுளோபின். 11 வயது வரை 11.5 கிராமுக்குக் கீழே, 12 முதல் 14 வயது வரை 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. மூச்சு வாங்குவது, பி.டி.யில் பின்தங்குவது, பாடத்தில் கவனம் நிற்காதது எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணமாக இருக்கலாம். அளவைப் பார்க்காமல் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் மெஸ்ஸில் வந்திருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது.

ஓட்டம். குதிகால் பின்பக்கம் வலிக்கிறதா என்று கேளுங்கள், இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். இந்த வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகியிருக்காது. திடீரென்று தினமும் ஓடவும் குதிக்கவும் விட்டால் அங்கே வலி எடுக்கும். சோம்பல் என்று நினைத்து மேலும் ஓடவிட்டால் நொண்டத் தொடங்குவான். ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்கால் நீட்டும் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். ஷூவையும் பாருங்கள். ஜூனில் வாங்கியது டிசம்பரில் சிறுத்திருக்கும். நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

வலி இல்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை, பத்து முறை. இரண்டாம் வாரம் இரண்டு நிமிட ஓட்டம், மூன்றாம் வாரம் மூன்று. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓட வேண்டாம். மேலே மணல் புதையும், அலையோரம் சரிவாக இருக்கும், ஒரு காலுக்கே பாரம் ஏறும். மண் மைதானம்தான் சரி.

---

குறிஞ்சிப்பாடி_அப்பா

கணக்கு ஐயாவுக்கும் நர்ஸ் அம்மாவுக்கும் மிக்க நன்றி. பையன் வந்துவிட்டான். நீங்கள் சொன்ன வரிசையிலேயே சோதனை வைத்தேன்: ஆங்கிலத் தாளில் 3, தமிழ்த் தாளில் 8. மதியம் படுப்பதில்லை, சாக்ஸ் துவைக்கிறேன், ஷூ பாலிஷ் போடுகிறேன் என்கிறான். கண் பரிசோதனைக்கு நாளை போகிறோம். ஹவுஸ் மாஸ்டரிடம் என்னவென்று பேசுவது? இந்தி எழுத்தே இன்னும் கூட்டிப் படிக்க வரவில்லை, அதற்கும் வழி வேண்டும்.

---

பிரெப்_ஹால்

நேரம் எங்கே கரைகிறது என்று அவனே சொல்லிவிட்டான். விடுதிப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதில் பாதி, கை வேலை மெதுவாக நடப்பதால்தான். பள்ளி அதைச் சொல்லிக் கொடுக்கும், ஆனால் ஒவ்வொருவனாக உட்கார வைத்துப் பழக்க ஆள் இருக்காது. வீட்டில் பழக்குங்கள்.

பாலிஷ்: முதலில் தூசி போகத் துடைக்கணும். பாலிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு, இரண்டு ஷூவுக்கும். ஐந்து நிமிடம் காயவிட்டு, அதற்குள் மறுநாள் யூனிஃபார்மை எடுத்து வைக்கணும். பிறகு பிரஷ், கடைசியில் துணி. பிள்ளைகள் அப்பு அப்பென்று அப்பிவிட்டு, காயாமலே தேய்த்து, மங்கலாக இருக்கிறதே என்று மறுபடி அப்புவார்கள். அரை மணி நேரம் போய்விடும். சரியாகச் செய்தால் பத்து நிமிடம். சாக்ஸும் உள்ளாடையும் குளிக்கும்போதே அலசிவிட வேண்டும், சேர்த்து வைத்தால் மதிய ஓய்வு போய்விடும். பெல்ட், பெயர்ப் பட்டை, தொப்பி மூன்றும் அலமாரியில் ஒரே இடம். காலையில் ஃபாலினுக்கு (வரிசையில் வந்து நிற்பதற்கு) விசில் அடித்த பிறகு தேடுகிறவன்தான் தண்டனை வாங்குவான், அன்று முழுக்கப் பதற்றத்தில் இருப்பான்.

ஹவுஸ் மாஸ்டருக்குப் போனில் சொன்னால் நூறு வேலையில் மறந்துவிடும். ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் புலம்பல் வேண்டாம். அந்த இரண்டு தாள்களின் நகலை இணைத்து, ‘மொழிதான் தடை, கணக்கு தெரிகிறது’ என்று காட்டுங்கள். கேட்க வேண்டியவை: வகுப்பில் முதல் இரண்டு வரிசையில் இடம், பிரெப்பில் ஆசிரியர் மேசைக்கு அருகே இடம், கணக்குச் சொல் நோட்டைப் பிரெப்பில் வைத்துக்கொள்ள அனுமதி, நன்றாகப் படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவன் பக்கத்தில். கூடுதல் வகுப்பு வைத்தால் விளையாட்டு நேரத்தில் வைக்க வேண்டாம் என்று கேளுங்கள். மைதானத்தில்தான் இவனுக்கு நண்பர்கள் கிடைப்பார்கள், அதை எடுத்துவிட்டால் பையன் தனிமைப்பட்டுப் போவான். பி.டி.யிலிருந்து விலக்கும் கேட்காதீர்கள். வலி இருந்தால் எம்.ஐ. ரூமில் (பள்ளியின் மருத்துவ அறை) காட்டி எழுதி வாங்குவதே முறை.

பிரெப்பில் எந்தப் பாடத்தை முதலில் எடுக்கிறான் என்பதும் முக்கியம். பெரும்பாலும் பிடித்த பாடத்தை முதலில் எடுத்து, கஷ்டமானதைத் தூக்கம் வரும்போது தொடுவார்கள். முதல் 20 நிமிடம் மறுநாள் கணக்குப் பாடத்தின் சொற்கள், அடுத்த 25 நிமிடம் வீட்டுக் கணக்கு, பிறகு ஆங்கில வாசிப்பு, கடைசியாகத் தமிழ். தூக்கம் வந்தால் நின்றுகொண்டு படிக்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள், பல ஹவுஸ்களில் கொடுப்பார்கள்.

இன்னொன்று, நிதானமாகக் கேளுங்கள். சீனியர்கள் அடிப்பது, தங்கள் துணியைத் துவைக்க வைப்பது, இரவில் எழுப்புவது நடக்கிறதா என்று போனில் கேட்காதீர்கள். பின்னால் வரிசையில் சீனியர் நிற்கலாம். இப்போது வீட்டில் இருக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லாமல் கேளுங்கள். ‘உன்னை அடிக்கிறார்களா’ என்றால் இல்லை என்பான். ‘லைட் அணைத்த பிறகு ஹவுஸில் என்ன நடக்கும்’ என்று கேளுங்கள், பேசுவான். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ராணுவ ஒழுங்கு என்ற பெயரில் இதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஏதாவது இருந்தால் ஹவுஸ் மாஸ்டர், அடுத்து முதல்வர், இரண்டும் எழுத்தில். அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பையனோ நீங்களோ மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

---

முத்தியால்பேட்டை_இந்தி

இந்திக்கு இலக்கணம், பால் வேறுபாடு எல்லாம் இப்போது தொடாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படித்தால் போதும், பாதி பயம் போய்விடும்.

தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில். நமக்கு ஒரே க, அங்கே நான்கு. கடல், தங்கம் என்று சொல்ல வைத்து, முதல் க-வும் இரண்டாவது க-வும் வேறு ஒலி என்று அவன் காதாலேயே கண்டுபிடிக்கட்டும்; அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து என்று காட்டினால் பிடித்துக்கொள்வான். மூச்சு சேர்ந்து வரும் மற்ற இரண்டுக்கு வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒலித்தால் காகிதம் ஆட வேண்டும். அடுத்தது, இகரக் குறி. இந்தியில் அது எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். தமிழில் இடப்பக்கம் கொம்பு நின்றால் கெ, கே என்று படித்துப் பழகிய கண், கி-யைக் கே என்று படித்துவிடும். டிக்டேஷனில் வரும் தப்பில் பெரும்பங்கு இதுதான்.

உயிர்க்குறிகளை மட்டும் ஒரு வாரம், ஒரே எழுத்தோடு சேர்த்து. பிறகு நாளுக்கு ஐந்து மெய்யெழுத்து, வடிவத்தில் ஒன்றுபோல் இருப்பதை அடுத்தடுத்து வைக்காமல். தினம் 15 நிமிடம். இந்தியில் குறைவதை நினைத்துக் கணக்கு நேரத்தைத் தின்னவிடாதீர்கள். பின்னால் ராணுவ அதிகாரியாக நுழைய எழுத வேண்டிய என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாதமி) தேர்வில் கணக்கு 300, பொதுத் திறன் 600, இந்திக்கென்று தனித் தாள் கிடையாது.

---

கெடிலக்கரை

கூட்டி வந்துவிடலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் கூட்டி வராதீர்கள் என்பது என் கருத்து. 8-க்கு 3 என்ற வித்தியாசம் மொழியால் வந்தது, ஒரு வருடத்தில் கரைக்கக்கூடியது. சாப்பாட்டை ஒதுக்குகிறான், உடம்பில் காயம் இருக்கிறது, செத்துவிடலாம் என்று பேசுகிறான் என்றால் அந்தக் கணமே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் சில. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. சைனிக் பள்ளி உட்பட அதன் பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை நிறுத்தி வைக்கலாம். முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு. அதனால் 8-ஆம் வகுப்புக்குள் ஆங்கிலத்தைக் கரையேற்றியாக வேண்டும். இப்போது விலகி 9-ஆம் வகுப்பில் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதலாம், மார்ச் 31 அன்று 13 முதல் 15 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆனால் 9-ஆம் வகுப்புக்கான தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். எப்படிப் போனாலும் ஆங்கிலம் தேவை. என்.டி.ஏ.வுக்கு எந்தப் பள்ளியில் பிளஸ் டூ படித்தாலும் எழுதலாம், விலகினால் அந்தக் கதவு மூடாது.

மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. திரும்பி வருவதென்றால் நடுவில் வேறு பள்ளியில் இருந்த மாதங்கள் இதை எப்படிப் பாதிக்கும் என்று கடலூர் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு மாற்றுச் சான்றிதழுக்கு எழுதுங்கள். சேரும்போது கட்டிய காப்புத்தொகை திரும்பக் கிடைக்கக்கூடியது. அந்த ரசீதையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.